தையற்காரியின் மதில்

சாய்ந்தமருதின் நெல் வியாபாரி காலிதீன், மாலை நேர அஸர் தொழுகைக்கு எப்போதும் நடந்தே செல்பவர். பள்ளிவாசலின் கூட்டுத் தொழுகையான ஜமாஅத்துக்கு ஒருநாளும் பிந்தியதில்லை என்பது அவருடைய பெருமை. ஆயினும், இரண்டு வாரங்களாக அவர் வழியில் தையற்காரி ஆகிலாவின் வாசலில் தினமும் நிற்கின்றார் என்ற செய்தி, மனைவி ஸுஹைறாவின் செவிக்கு எட்டியது. ஆகிலா கணவனைப் பிரிந்து வாழ்பவள்.

இன்று ஸுஹைறா பின்தொடர்ந்தாள். காலிதீன் ஆகிலாவின் வாசல் மதிலில் சாய்ந்து, கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோற் பாவனை செய்துகொண்டு நின்றார்.

“உம்மா எனக்குச் சீதனமாத் தந்த ஊட்டுல இரிந்துக்கிட்டு, அடுத்தவட வாசல்ல காவலா?”

“சத்தம் போடாத புள்ள. இந்த மதில்தான் சாயிற உயரத்துல இரிக்கி.”

“சாயிறதுக்கு என்ன வந்த?”

“இவ்வளவு தூரம் நடந்தா நெஞ்சு இறுகுது. கொஞ்சம் நின்டா உட்டுரும். வயித்துக் கேஸாக்கும்.”

ஸுஹைறாவின் கோபம் அடங்கிற்று.

“போன மாசமும் இப்படியா?”

“ஓம். அப்ப சந்தியில நிப்பன்.”

“அதுக்கு முந்தி?”

“பள்ளிப் படியில ஏறக்குள்ள மட்டும்தான்.”

அவள் தெருவை நோக்கினாள். பள்ளிவாசலிலிருந்து சந்திக்கும், சந்தியிலிருந்து இந்த மதிலுக்கும், வீட்டை நோக்கியே அந்த இறுக்கம் வந்து சேர்ந்திருந்தது.

“அடுத்த மாசம் நம்மட ஊட்டு வாசல்லயா நிக்கப் போறீங்க?”

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. காலிதீன் பள்ளிவாசலைப் பார்த்தார். பின்னர் மனைவியைப் பார்த்தார்.

“ஆட்டோ ஒண்டு பிடி, புள்ள. இண்டைக்கு அஸரை ஆஸ்பத்திரியில தொழுறன்.”