கோரென் வாங்கிய இயந்திரம்

முதலில் என் வயிற்றில் அடித்தவன் பக்கத்துத் தோட்டத்துக் கோரென். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

பெருமழை பெய்த வருஷம் அது. என் தோட்டத்தில் ஆட்கள் திராட்சைக் குலைகளை வெட்டி, உலர்திராட்சைக்காக வரிசைக்கு நடுவே காகிதம் விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் கோரென் தன் லாரியை என் வாசலிலேயே நிறுத்தினான். கூலி கொஞ்சம் கூடத் தருகிறேன், வாருங்கள் என்றான். மொத்தக் கூட்டமும் ஏறிப் போய்விட்டது. ரோட்டில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அவன் பழம் மழைக்கு முன்னால் காய்ந்து உள்ளே போனது. என் பழம் கொடியிலேயே அழுகியது.

அன்றோடு அவனிடம் பேச்சு நின்றது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு மண்பாதைதான். ஆனாலும் அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் ஃப்ரெஸ்னோ பக்கம் யாருக்கும் ஆள் கிடைக்கவில்லை. பழம் வெட்ட வருகிற மெக்சிகோக்காரர்களில் பாதிப் பேருக்குப் பேப்பர் கிடையாது. ஊருக்கே தெரியும், யாரும் கேட்பதில்லை. குடியேற்றத் துறை வண்டிகள் நெடுஞ்சாலையில் திரிய ஆரம்பித்ததும் அவர்கள் வெளியே தலைகாட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பெரிய பண்ணைக்காரர்கள் அறுவடை இயந்திரத்தை இறக்கினார்கள்.

என்னுடையது பழைய கொடி, பழைய கம்பி. இயந்திரம் உள்ளே நுழைந்தால் கொடியோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். கைதான் வேண்டும். இந்த விளைச்சலும் போனால் தோட்டம் வங்கிக்கு.

ஆகஸ்டில் தேவாலயத்தில் திராட்சையை ஆசீர்வதித்தார்கள். அதுவரை நாங்கள் புதுப்பழத்தை வாயில் வைப்பதில்லை. பூசை முடிந்து கூடத்தில் சாப்பிடும்போது, எனக்குக் கேட்கிற மாதிரி கோரென் சத்தமாகப் பேசினான்.

"ஆளுங்களை எல்லாம் நிறுத்தியாச்சு. மெஷின் வாங்கிட்டேன். அது சோறு கேக்காது. போலீஸ் வண்டியப் பாத்தா கொடிக்குள்ள ஒளிஞ்சுக்காது."

சிலர் சிரித்தார்கள். சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அவன் மனைவி இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கி வந்ததே அந்த ஆட்கள்தான். இவனிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? அவனுடையதும் என்னுடையதைப் போலப் பழைய கொடிதான். அந்த இயந்திரம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடட்டும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாக இறங்கியது.

அடுத்த வாரம் என் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கோரெனின் ஆட்கள். அவர்களுக்குத் தலைவி ஹெர்மலிந்தா இறங்கி வந்தாள்.

"கோரென் ஐயா போகச் சொல்லிட்டாரு. உங்ககிட்ட வேலை இருக்கா?"

அவன் தூக்கிப் போட்டது எனக்கு எதற்கு என்றேன். அதற்குள் என் மனைவி அராக்ஸி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"அவரு அனுப்பினாத்தான் நீங்க வாங்க மாட்டீங்க. விரட்டிவிட்டவங்களை வாங்கிக்கிறதுக்கு என்ன? அவருக்கு எரியட்டுமே."

அது நியாயமாகப் பட்டது.

மழைக்கு முன்னால் ஒரு தோட்டத்தை முடிக்கத்தான் நாள் இருந்தது. வேன் நெடுஞ்சாலைக்கே போகாமல் கால்வாய்க் கரையோடு வந்து போனது. ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் கத்திகள் நின்றுவிடும். வேலை கெடுகிறதே என்று வாசலில் நாற்காலி போட்டு நானே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கோரெனின் பக்கமிருந்து நாள் முழுக்க இயந்திரச் சத்தம் கேட்டது.

"எப்படி ஓடுதாம் அவன் மெஷினு?" என்று ஹெர்மலிந்தாவிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் ஓடுதாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த குலையை வெட்டப் போனாள்.

பழம் காய்ந்து, அதைக் காகிதத்தோடு சுருட்டி எடுத்து, பெட்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் மழை வந்தது. மழை விட்டதும் எனக்கு ஓர் ஆசை. மண்பாதையைத் தாண்டி, பிடுங்கப்பட்ட கொடிகளை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

ஒரு கொடிகூட முறியவில்லை. வரிசைக்குள் ஒரு சக்கரத் தடம் இல்லை. பழம் முழுக்க அப்படியே தொங்கி, ஊதி, பூசணம் பிடித்துக் கிடந்தது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பின்னால் இருக்கும் தோப்பில் பாதாம் மரங்களை உலுக்கிக் காய் உதிர்க்கிற அவனுடைய பழைய இயந்திரம் மட்டும் நின்றது. நான் கேட்ட சத்தம் அதுதான்.

கோரென் வெளியே வந்தான்.

"திராட்சை மெஷின் எங்கே?" என்றேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு.

"ரிப்பேர்."

"வரிசைக்குள்ள வரவே இல்லையேடா அது."

அவன் அழுகின குலை ஒன்றைப் பறித்து, பார்த்து, தூர எறிந்தான்.

"எனக்குப் பாதாம் இருக்கு. உனக்கு என்ன இருக்கு? போ சேத்ராக், போய் உன் வேலையப் பாரு."

வீட்டுக்கு வந்து அராக்ஸியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. இப்போதாவது போய் அவரிடம் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசுங்கள் என்றாள்.

பேச மாட்டேன். அன்றைக்கு ஊரே பார்க்க என் ஆட்களை எடுத்தான். இன்றைக்கு ஒருத்தருக்கும் தெரியாமல், கல்நெஞ்சக்காரன் என்று பேரும் வாங்கிக்கொண்டு, திருப்பி அனுப்பியிருக்கிறான். அது செல்லாது. எல்லார் முன்னாலும் அவன் என்னிடம் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாக்கி அப்படியேதான் நிற்கிறது.