பூசிய விரிசல்

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. ஏணியில் நிற்கும் பொறியாளர் நிர்மலாதேவி, கூரையைத் தாங்கும் கான்கிரீட் பீமை ரப்பர் சுத்தியலால் தட்டுகிறார். மதிய வெளிச்சத்தில் புதுச் சுண்ணாம்பு கண்ணைக் கூசவைக்கிறது. "நீங்க வருவீங்கன்னுதான் விரிசல பூசி வெச்சோம் மேடம்," என்கிறாள் அந்த வீட்டில் குடியிருக்கும் அஞ்சலாட்சி. தட்டும்போது அதிர்வை எண்ண பீமில் ஒட்டும் கருவி போன வருடம் நொடிக்கு இருபத்திரண்டு அதிர்வு காட்டியது, இன்று பதினேழு. விரிசல் விட்ட பீம் தளர்ந்து, மெதுவாகத்தான் அதிரும். நிர்மலாதேவி மறுபடி தட்டுகிறார். மறுபடியும் பதினேழு. மண்சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்கும் அஞ்சலாட்சிக்கு அந்தச் சத்தமே போதும். பீமுக்கு நேர் கீழே, நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும் கணவனைத் தொடுகிறாள். "அந்தாண்ட தள்ளிப் படுய்யா." அவன் பாதிக் கண் திறந்து மேலே பார்க்கிறான். "பீமு அந்தாண்டயும்தான் போவுது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறான்.