காய் விடத் தெரியாத பிள்ளை

இரண்டாம் வகுப்புத் தென்றல் நட்புப் பாடத்தில் ஃபெயில் என்று அவள் அம்மா சுகிர்தாவைப் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள்.

"ரெஜினாவும் இவளும் எல்.கே.ஜி.லேர்ந்து ஒட்டிக்கிட்டே திரியுதுங்களே மிஸ்!"

"அதாங்க பிரச்சினை. சண்டை போட்டு சமாதானமானாத்தான் பிள்ளைங்க கையில கட்டியிருக்கிற கைப்பட்டை முழு மார்க் போடும். மத்த பிள்ளைங்க காலையில வந்ததும் காய் விட்டு, பெல் அடிக்கிறதுக்குள்ள பழம் விட்டுடுதுங்க. இதுங்க சண்டையே போட மாட்டேங்குதுங்க."

சாப்பாட்டு நேரம். சுகிர்தா மகளைத் தனியே கூப்பிட்டாள். "சும்மா ஒரு காய், உடனே பழம். அவ்வளவுதான், போ."

தென்றல் சமர்த்தாகப் போய் ரெஜினாவிடம் சுண்டுவிரலை நீட்டினாள். "உங்கூட காய்!"

"ஏன்?"

காரணம் சொல்லித்தர அம்மா மறந்திருந்தாள். வீட்டில் அவள் வாயில் கேட்டதையே பிள்ளை எடுத்துவிட்டது. "உன் டிபனைத் திறந்தாலே கருவாட்டு நாத்தம். குமட்டுது."

ரெஜினா டப்பாவை மூடினாள். தென்றல் அவசர அவசரமாக இரண்டு விரல்களைச் சேர்த்து நீட்டினாள். "பழம்! பழம்டி!"

ரெஜினா டப்பாவோடு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

தென்றலின் கைப்பட்டை முதன்முறையாகப் பச்சையாக மின்னியது. மிஸ் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா, பாதி மார்க் வந்துடுச்சு!"