சுண்ணாம்புக் கல்லின் சூடு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கி வந்த சுண்ணாம்புக் கல், பழைய தகர டின்னுக்குப் பக்கத்தில் பேசாமல் கிடந்தது. புது பிளாஸ்டிக் வாளி அதைத் தொட்டுப் பார்த்தது.

"என்னப்பா, ஜில்லுன்னு கிடக்கே?"

"சூடெல்லாம் உள்ளே இருக்கு" என்றது கல்.

"இருக்குன்னா தொட்டதும் சுடணும். சுடலைன்னா இல்லைன்னுதான் அர்த்தம்."

"இன்னும் வெளியே வரலை, அவ்வளவுதான். அதுக்கும் இருக்குன்னுதான் பேரு. நீ தள்ளி நில்லு, எனக்கு இந்த டின்னுதான் சரிப்படும்."

வாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தத் துருப்பிடிச்ச டின்னை விட நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?" என்று முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்காரர் தங்கமாரி அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தானே வெள்ளையடிக்கக் கிளம்பியிருந்தார். கைக்கு எட்டிய வாளியிலேயே கல்லைப் போட்டு, ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினார்.

கல் படபடவென்று பிளந்தது. அடுப்பே இல்லாமல் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வாளியின் அடிப்பக்கம் இளகி நெளிந்தது.

"ஐயோ, இவ்வளவு சூட்டையும் எங்கேய்யா வெச்சிருந்தே?" என்று அலறியது வாளி.

"நீ தொட்டுப் பார்த்தியே, அங்கேதான்" என்றது கல்.