சிவப்பாய்த் தெரிந்த பாதி

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. முப்பத்தஞ்சு வயசுல மகாராணிக்குப் பல்லுக்குக் கம்பி கேக்குது."

மாமியார் சொன்னது பல் ஆஸ்பத்திரி வரவேற்பறை முழுக்கக் கேட்டது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் புருஷன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தான்.

ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் அந்த மாமியாரின் வாயே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

"வாங்கக்கா, நீங்க மட்டும்" என்று மருமகளை உள்ளே கூட்டிப் போனாள்.

முகம் ஒரு பக்கம் கோணிய பெரியவர்களைப் பற்றி அங்கே ஒரு டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தாடையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, ஒரு பாதியைத் திருப்பி மறுபாதி மேல் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே பொருந்தவில்லையோ அங்கே திரையில் சிவப்பாகத் தெரியும்.

மருமகளுக்கு இடது தாடை முழுக்கச் சிவப்பு.

ஸ்கேன் பெண் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது பிறவிக் கோணல் இல்ல. எலும்பு உடைஞ்சு, அதுவா கூடியிருக்கு. எங்கயாவது விழுந்தீங்களா?"

மருமகள் கதவைப் பார்த்தாள். "பாத்ரூம்ல வழுக்கிருச்சு."

"ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு."

மருமகளின் கண் நிறைந்தது.

கதவு திறந்தது. மாமியார். ஸ்கேன் பெண் அவசரமாகத் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய இருங்கம்மா."

மாமியார் உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். வெளியே கேட்ட அந்தக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"மறைக்காதம்மா. உடைஞ்சது தெரியுதா?"

"தெரியுது."

"அதைத் தேதி போட்டு டாக்டர் கையெழுத்தோட எழுதிக் குடுங்க. இங்க பேர் குடுத்ததே நான்தான். பல்லுக்குன்னு சொன்னதாலதான் இவளை வெளிய கூட்டிட்டு வர முடிஞ்சுது."

அவர் கை தன் கோணல் தாடையைத் தடவியது.

"இவ மாமனார் இருந்தப்ப நானும் பாத்ரூம்லதான் விழுந்தேன். நாலு தடவை. யாரும் படம் எடுக்கல."

மருமகள் அவர் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

வெளியிலிருந்து கதவைத் தட்டும் சத்தம். "அம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?"

"இருடா! உன் பொண்டாட்டி பல்லு அழகு பார்த்து முடியட்டும்" என்று மாமியார் பழைய குரலில் கத்தினார். பிறகு ஸ்கேன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கே குடுத்துடும்மா. போலீஸ்ல என் பிள்ளை பேரை நானே சொல்லணும். நாளைக்குன்னு விட்டா, பெத்த மனசு மாறிடும்."