ஒட்டி வைத்த தட்டுகள்

கல்லீரல் செல்களை ஆராய்வதுதான் அக்காவின் வேலை. தம்பிக்குக் கொழுப்புக் கல்லீரல் முற்றிவிட்டது என்று மருத்துவர் கையை விரித்தபோது, பரிசோதனைக்கு எடுத்த துணுக்கில் கொஞ்சம் கேட்டு வாங்கி, ஆய்வகத்தில் வளர்த்தாள்.

“எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்” என்று சிரித்தவனின் கண்கள் மஞ்சளித்திருந்தன.

ஒப்பிட்டுப் பார்க்க, தன் பித்தப்பை அறுவையின்போது எடுத்த கல்லீரல் துணுக்கைப் பக்கத்திலேயே இன்னொரு கண்ணாடித் தட்டில் வளர்த்தாள்.

ஒட்டியிருக்கும் செல்களுக்கு நடுவே நுண்ணிய வழிகள் உண்டு. ஒன்றின் சேதி அவற்றின் வழியாகத்தான் அடுத்ததற்குப் போகும். அன்று காலை தம்பியின் செல் ஒன்றில் பச்சைச் சாயம் செலுத்தினாள். பக்கத்துச் செல் எதுவும் ஒளிரவில்லை. வழிகள் அடைபட்டிருந்தன. மனம் கனத்து, தன் தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். அது முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது.

“கை தவறி இதுலயும் விட்டிருப்பீங்க” என்றார் உடன் வேலை செய்பவர்.

அவரையே சிவப்புச் சாயம் செலுத்தச் சொன்னாள். தம்பியின் தட்டைத் தவிர அவர் எதையும் தொடவில்லை. அக்காவின் தட்டு சிவந்தது.

தம்பியின் செல்களில் கொழுப்புத் துளிகள் குறைந்திருந்தன. அவளுடைய செல்களில், அதுவரை இல்லாத துளிகள் மின்னின.

உடன் இருந்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “முதல்ல ரெண்டையும் பிரிச்சு வைங்க மேடம்.”

“எவ்வளவு அழகா வாங்கிக்குது, பாருங்க” என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல். பிறகு தம்பியின் தட்டை நகர்த்தி, தன் தட்டோடு ஒட்டி வைத்தாள்.