நல்ல கேஸ்

இருட்டிவிட்டால் சாலையின் ஓரம் தெரியவில்லை என்று பள்ளி வேன் ஓட்டும் கருத்தபாண்டி கண் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பயிற்சி மாணவி ஷமீமா மருந்து விட்டுப் பார்த்தாள். விழித்திரையின் ஓரமெங்கும் கறுப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன. பாடப்புத்தகத்தில் மட்டுமே அவள் பார்த்திருந்த நோய். பூரிப்போடு ஓடிப்போய் ஆசிரியையை அழைத்து வந்தாள். "நல்ல கேஸ்மா, எல்லாரையும் வரச் சொல்லு" என்றார் ஆசிரியை. வகுப்பே வரிசையில் நின்று கருத்தபாண்டியின் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தது. தாரையாக நீர் வழிந்தும் அவர் தலையை அசைக்கவில்லை. "பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். கூட்டம் கலைந்ததும் ஷமீமா அவரைப் பெரிய டாக்டருக்கு அனுப்பும் சீட்டை எழுதினாள். நோயின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். "இதைக் குணப்படுத்த மருந்து இல்லைண்ணே. கொஞ்சங்கொஞ்சமா பார்வை குறையும். இனிமே நீங்க வேன் ஓட்டக்கூடாது" என்றாள். அவர் சீட்டை வாங்கக் கை நீட்டினார். கை அதைத் தாண்டிக் காற்றில் துழாவியது. "நல்ல கேஸுன்னு வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனேம்மா" என்றார்.